அது பதனிட்ட தோல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் ஐரோப்பாவின் இடைக்காலச் செபப் புத்தகங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரையும் நான்கு வண்ணப் படங்களும் போட்டிருந்தீர்கள். பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் பேப்பர் வாங்கி, டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இந்த விஷயத்துக்கு ஒரு பக்கம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. முதலில் அதற்கு நன்றி.

ஆனால் அதில் ஒரு சொல் அன்று இரவு என்னைத் தூங்க விடவில்லை. "பதனிட்ட கன்றுத்தோல்" என்று இரண்டு இடத்தில் வருகிறது. அது பதனிட்ட தோல் அல்ல. நான் முப்பத்தெட்டு வருஷம் பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை பார்த்தவன். சுண்ணாம்புத் தொட்டியில் ஆரம்பித்து, தோலைத் தரம் பிரிக்கும் மேஸ்திரியாக ஓய்வு பெற்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு தோல். அந்தப் படிப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, உரித்து அப்படியே விட்டால் அழுகிவிடும். அழுகாமல் இருக்க ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் நாள் கணக்கில் போட்டு வைப்போம். பட்டையின் துவர்ப்பு தோலின் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் பதனிடுவது என்று பேர். வட ஆர்க்காட்டுத் தோல் ஒரு காலத்தில் கப்பலேறிப் போனதற்கு இந்த ஆவாரம்பட்டைதான் காரணம். இப்போது பட்டைக்குப் பதிலாக குரோம் உப்பு. ட்ரம்மிலிருந்து தோல் நீல நிறத்தில் வெளியே விழும். அது 19-ஆம் நூற்றாண்டில் வந்த முறை. பட்டையோ குரோமோ, பதனிட்ட தோல் கையில் வளையும், நனைந்து காய்ந்தாலும் தாங்கும். செருப்பாகும், பையாகும், பெல்ட்டாகும்.

செபப் புத்தகத்தின் தாளுக்குப் பட்டையும் கிடையாது, கடுக்காயும் கிடையாது. தோலைக் கழுவி, சுண்ணாம்புத் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, மயிரைக் கழித்து, மறுபக்கத்து ஜவ்வைச் சீவி எடுப்பார்கள். இதுவரை நாங்கள் செய்வதும் அதேதான். எங்கள் பாதையும் அவர்கள் பாதையும் பிரிவது இதற்கு அப்புறம். நாங்கள் தோலைத் துவர்ப்புத் தொட்டிக்குக் கொண்டு போவோம். அவர்கள் ஈரத்தோலை ஒரு மரச்சட்டத்தில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஆணி அடித்தால் காயும்போது தோல் சுருங்கிக் கிழிந்துவிடும். அதனால் ஓரத்தில் சின்னக் கூழாங்கல்லை வைத்துத் தோலை அதைச் சுற்றி மடித்து, அந்த மடிப்பின் கழுத்தில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைச் சட்டத்தின் முளையில் முறுக்குவார்கள். பிறகு பிறைபோல் வளைந்த கத்தியால் சீவுவது, முளையை இன்னும் ஒரு திருகு திருகுவது, மறுபடி சீவுவது. காய்ந்துகொண்டே இழுபடும்போது தோலுக்குள் இருக்கும் நார் எல்லாம் படுத்து அடுக்கடுக்காகப் படிந்துவிடும். தோல் வெளுக்கும். விறைப்பாகும். கடைசியில் நுரைக்கல்லால் தேய்த்து, சுண்ணப்பொடி பூசி, எழுதுகிறவரிடம் கொடுப்பார்கள்.

இதற்கு நம் ஊரிலேயே உடன்பிறப்பு ஒன்று உண்டு. பறை. பறைக்குக் கட்டுவதும் பதனிடாத தோல்தான். மயிர் கழித்து, ஈரமாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தது. அடிப்பதற்கு முன்னால் தீயில் காட்டுவது எதற்கு? பதனிடாத தோல் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும், சூடு காட்டினால் விறைக்கும். செபப் புத்தகத்துக்கும் அதே குணம். மழை நாளில் தாள் அலை அலையாக எழும்பிவிடும். அந்தப் பழைய புத்தகங்களில் பித்தளைக் கொக்கி போட்டு அட்டையை இறுக்கி மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் போட்டதல்ல; தோலை அமுக்கி வைக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போகும்போது அப்பாவும் தோல் ஷாப்பில்தான் இருந்தார். எங்கள் துணியில் வாடை அடிக்கிறது என்று பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். வாத்தியார் ஒருவர் என்னைத் தனியாக ஜன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு எழுதுகிறேன். ராணியும் கோமகளும் முழங்காலில் நின்று முத்தமிட்ட பக்கம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்கு வெளிச்சத்தைக்கூட அளந்து காட்டும் பக்கம், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்தது. பறைக்குக் கட்டும் தோலும் அதுவும் ஒரே வேலை. இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். "பதனிட்ட" என்று எழுதினால் தெரியாமலே போய்விடும்.

எனக்கு இது தெரிய வந்தது 1984-இல். எங்கள் பங்குக் கோயிலில் அப்போது வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் இருந்தார். அவர் அறையில் ஒரு பழைய காலண்டர் படம் தொங்கியது. பனி மூடிய வெளி. ஒரு பக்கம் வீடு, உள்ளே ஆட்கள் தீயில் குளிர் காய்கிறார்கள். வெளியே ஒருவன் மரம் வெட்டுகிறான், இன்னொருவன் கழுதையை ஓட்டிக்கொண்டு ஊர்ப் பக்கம் ஏறிப் போகிறான். பட்டியில் ஆடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. நான் பார்த்தது ஆடுகளைத்தான். தொழில் அப்படி. படத்தைப் பற்றிக் கேட்டேன். பிரான்சின் பெர்ரி கோமகனுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் மூன்று பேர் வரைந்த 'த்ரே ரிஷ் ஏர்' என்னும் செபப் புத்தகத்தின் பிப்ரவரி மாதப் பக்கம் அது என்றார். அப்புறம், இதை வரைந்தது காகிதத்தில் அல்ல, தோலில் என்றார். நான் நம்பவில்லை. தோலில் இந்த வெள்ளை எப்படி வரும், இந்த நீலம் எப்படி நிற்கும்? அவர் விளக்கியதில் பாதிதான் புரிந்தது. மீதியைக் கையால் தெரிந்துகொள்ளலாம் என்று இறங்கினேன்.

ஷாப்பில் கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். வீட்டுக் கொல்லையில் பழைய மண்தொட்டியில் சுண்ணாம்பு கரைத்துப் பத்து நாள் ஊறவைத்தேன். மயிர் கழிய ஷாப்பில் போடுகிற சல்பைடு போடவில்லை. அது அந்தக் காலத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. பழைய கயிற்றுக் கட்டிலின் கயிற்றை அவிழ்த்துவிட்டு அந்தச் சட்டத்தில் தோலைக் கட்டினேன். முதல் தடவை வேலூர் மே மாத வெயிலில் அப்படியே நிறுத்திவைத்துவிட்டேன். ஒரே பகலில் மஞ்சளாகி, கண்ணாடிபோல் விறைத்து, கொம்பு மாதிரி ஆகிவிட்டது. எழுத முடியாது, அடித்தால் சத்தம்தான் வரும். இரண்டாவது தோலை நிழலில், ஈரச் சாக்கைப் பக்கத்தில் தொங்கவிட்டு, மூன்று நாள் காயவைத்துச் சீவினேன். அது வெளுத்தது. கையால் தடவியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையைச் சொல்கிறேன். இருபத்தாறு வயதுவரை எத்தனையோ ஆயிரம் தோலைத் தொட்டவன், இப்படி ஒரு தோலைத் தொட்டதில்லை.

சீவும்போது ஓர் இடத்தில் கத்தி முனை பட்டது. கடுகளவு வெட்டு. முளையைத் திருகத் திருக அது விரிந்து முட்டை வடிவ ஓட்டையாகிவிட்டது. பிற்பாடு மகள் வீட்டில், சத்துவாச்சாரியில், கம்ப்யூட்டரில் வெளிநாட்டு நூலகங்களின் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதே மாதிரி ஓட்டைகளைப் பார்த்தேன். எழுதுகிறவர் ஓட்டையைத் தாண்டி அடுத்த எழுத்தைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். சில இடத்தில் ஓட்டையைச் சுற்றி ஊசியால் தைத்த தடமும் இருக்கிறது. படம் வரைந்தவரின் பெயர் சில நேரம் தெரிகிறது. கத்தி தவறிய அந்த ஆளின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அவர் கை அங்கேயே இருக்கிறது.

இன்னும் உற்றுப் பாருங்கள். தாளின் ஒரு பக்கம் கொஞ்சம் மஞ்சளாக, புள்ளிப் புள்ளியாக இருக்கும். அது மயிர்ப்பக்கம், புள்ளி ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்கால். மறுபக்கம் வெள்ளை, அது சதைப்பக்கம். புத்தகம் கட்டும்போது மயிர்ப்பக்கத்துக்கு எதிரே மயிர்ப்பக்கமும், சதைப்பக்கத்துக்கு எதிரே சதைப்பக்கமும் வரும்படி அடுக்கினார்கள். விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. நாங்கள் தரம் பிரிக்கும்போது ஜோடி சேர்க்கிற மாதிரிதான்.

13-ஆம் நூற்றாண்டில் பாக்கெட்டில் அடங்கும் அளவுக்குச் சின்ன பைபிள்கள் செய்தார்கள். அதன் தாள் மிக மெல்லியது. கருவிலேயே செத்த கன்றின் தோலாக இருக்க வேண்டும் என்று ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் பக்கத்தை மெதுவாகத் தேய்த்து, அந்தத் துகளில் ஒட்டிய புரதத்தை வைத்து எந்த மிருகம் என்று கண்டுபிடித்தார்கள். கன்று இருந்தது, வெள்ளாடு இருந்தது, செம்மறியும் இருந்தது. ஆக, மெல்லிய தாளுக்கு அபூர்வமான மிருகம் எதுவும் தேவைப்படவில்லை. சீவத் தெரிந்த கை போதும். மகள் இதைப் படித்துச் சொன்னபோது, எங்கள் ஷாப்பில் கத்தி பிடித்த பழைய ஆட்கள் எல்லாரையும் நினைத்துக்கொண்டேன்.

சரி, மைக்கு வருகிறேன். கட்டுரையில் "கரிய மை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அந்த மையின் சாமான் எல்லாம் வேலூர் லாங் பஜார் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மாசிக்காய், அன்னபேதி, கருவேலம்பிசின். மாசிக்காய் என்பது காயே அல்ல. ஓக் மரத்தில் ஒரு பூச்சி முட்டை வைக்க, அந்த இடம் வீங்கி உருண்டையாவது. அவ்வளவும் துவர்ப்பு. அன்னபேதி இரும்பின் உப்பு. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கிற விபத்து: கடுக்காய்த் தொட்டியில் ஒரு துருப்பிடித்த ஆணி விழுந்துவிட்டால் போதும், பட்ட இடமெல்லாம் தோலில் நீலக் கறுப்புக் கறை விழும், எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. எத்தனை முறை அதற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கறையைத்தான் அவர்கள் எழுத்தாக்கினார்கள். நான் இடித்து ஊறவைத்துச் செய்த மையில் எழுதியபோது முதலில் வெளிறிய சாம்பல் நிறம்தான் வந்தது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். காற்றுப் பட்டுக் கறுத்துக்கொண்டே போய், மறுநாள் காலையில் பார்த்தால் நல்ல கறுப்பு. தப்பை அழிக்க வேண்டுமென்றால் கத்தியால் தோலின் மேல்பரப்பைச் சுரண்டுவதுதான் வழி. அதனால் எழுதுகிறவர்கள் ஒரு கையில் இறகுப் பேனாவும் மறுகையில் கத்தியுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. படங்கள் சின்னதாக இருப்பதால் மினியேச்சர் என்று பெயர் வந்ததாகக் கட்டுரையில் இருக்கிறது. அப்படி இல்லை. லத்தீனில் மினியம் என்றால் ஈயச் செந்தூரம். பக்கத்தில் செந்தூரத்தால் தலைப்பெழுத்தும் தலைப்பும் போடுவதற்கு அந்தச் சொல் இருந்தது. பிறகு புத்தகத்துக்குள் இருக்கும் படத்துக்கே பெயராகிவிட்டது. சின்னது என்ற அர்த்தம் ரொம்பப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நான் சொன்ன பிப்ரவரிப் பக்கம் 29 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாளின் அளவு. அதுவும் மினியேச்சர்தான். இந்தச் செந்தூரம் நம் வீட்டுச் சுவரிலும் ஒரு வாரிசை விட்டிருக்கிறது. அந்தச் செபப் புத்தகங்களின் முதலில் பன்னிரண்டு மாதத்துக்கும் பஞ்சாங்கம் மாதிரி ஒரு பகுதி உண்டு. சாதாரண நாள் கறுப்பில், பெரிய திருநாள் சிவப்பில். நம் தினசரிக் காலண்டரில் ஞாயிறும் பண்டிகையும் சிவப்பில் வருகிறதே, அதே வழக்கம்.

சின்னதாகவும் இருந்தது உண்மைதான். பிரான்ஸ் ராணி ழான் தெவ்ரோவுக்காக 1324-க்கும் 1328-க்கும் இடையில் ழான் புசேல் வரைந்த புத்தகம் சுமார் 9 சென்டிமீட்டர் உயரம், 6 சென்டிமீட்டர் அகலம். இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் மூடிக்கொள்ளலாம். அதில் மங்கள வார்த்தைப் பக்கத்தை, அதாவது மாதாவுக்குத் தேவதூதர் செய்தி சொன்ன பக்கத்தை, மகள் பெரிதாக்கிக் காட்டினாள். மேலே சம்மனசு மாதாவின் முன் மண்டியிடுகிறார். கீழே ஒரு தலைப்பெழுத்து. அந்த எழுத்தின் வயிற்றுக்குள் ராணி கையில் புத்தகம் வைத்துச் செபித்துக்கொண்டிருக்கிறாள். புத்தகத்தைத் திறந்தவள் அதற்குள்ளேயே தன்னைப் பார்க்கிறாள். உருவங்கள் பெரும்பாலும் சாம்பல் நிறம்தான், அங்கங்கே சிவப்பும் நீலமும் தொட்டிருக்கும். அவ்வளவு சின்ன இடத்தில் அவள் விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. கன்றுத்தோலின் வழவழப்பு இல்லாமல் அந்தக் கோடு விழாது. ஆவாரம்பட்டையில் ஊறிய தோலில் யாராவது போட்டுக் காட்டட்டும் பார்க்கலாம்.

இந்தப் புத்தகங்களில் மாதாவின் வேளைச் செபங்கள், அதாவது நாளின் வெவ்வேறு வேளையில் சொல்லும் செபங்கள், எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் என்பது பொதுவான வழக்கம். விடியலுக்கு முந்தைய செபத்துக்கு மங்கள வார்த்தை, அடுத்ததற்கு மாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது, பிறகு பாலன் பிறப்பு, இடையர்கள், மூன்று ராஜாக்கள், கோயிலில் காணிக்கை, எகிப்துக்கு ஓடியது, கடைசியில் மாதா முடிசூட்டப்படுவது. நேரம் பார்த்துப் பக்கத்தைத் திருப்பினால் கதையும் நகரும். இதைச் சொல்லாமல் படங்களை "அலங்காரம்" என்று மட்டும் எழுதியிருப்பதில் எனக்கு வருத்தம். செபத்தின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று காட்டியதே படம்தான்.

தங்கத்தைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள், எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடாகப் பூசி, காய்ந்த பிறகு தங்க ரேக்கை ஒட்டுவதற்கு முன்னால் வாயைக் கிட்டே வைத்து மூச்சை விடுவார்கள். மூச்சின் ஈரத்தில் பசை இளகும், ரேக் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வழவழப்பான கல்லாலோ நாயின் பல்லாலோ தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். ஆக, அந்தத் தங்கத்துக்கு அடியில் இருப்பது ஒரு மனுஷனுடைய மூச்சு. அல்லது மனுஷியுடைய மூச்சு. ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்தில் ஒரு கன்னியர் மடம் இருந்தது. அங்கே ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பல் காரையில் நீலத் துகள்கள் இருந்ததாக 2019-இல் ஆய்வு வெளிவந்தது. ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லின் துகள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கிக் கூர்மையாக்கி வரைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் கட்டுரையில் வரும் ஓவியர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இந்தப் பெண்ணுக்கு இரண்டு வரி கொடுத்திருக்கலாம். தோல் ஷாப்பில் எங்களோடு நின்று வேலை செய்த பெண்களின் கை நகமும் ஆயுசுக்கும் நிறம் மாறித்தான் இருந்தது.

அரண்மனைகளின் ஆடம்பரம் என்று கட்டுரை முடிகிறது. கோமகனுடைய புத்தகம் ஆடம்பரம்தான், மறுக்கவில்லை. 1416-இல் அவரும் இறந்தார், மூன்று சகோதரர்களும் இறந்தார்கள், வேலை பாதியில் நின்றது. 1480-களில் ழான் கொலோம்ப் என்பவர் வந்து முடித்தார். ஆனால் 15-ஆம் நூற்றாண்டிலேயே பாரிசிலும் புரூஜிலும் ரூவானிலும் பட்டறைகள் கடைச் சரக்காகவே வேளைச் செபப் புத்தகங்களைச் செய்து விற்றன. அச்சு வந்ததும் இன்னும் விலை குறைந்தது. வியாபாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வாங்கினார்கள். தாய் வழியாக மகளுக்கு வந்தது. பஞ்சாங்கப் பக்கத்தின் ஓரத்தில் பிள்ளை பிறந்த நாளையும் பெரியவர் இறந்த நாளையும் எழுதிவைத்தார்கள். மாதாவின் முகத்தை முத்தமிட்டு முத்தமிட்டே வண்ணம் உதிர்ந்து, கீழே வெறும் தோல் தெரிகிற பக்கங்கள் உண்டு. கேத்ரின் ரூடி என்ற ஆராய்ச்சியாளர் பக்க ஓரத்தில் கைப்பட்டுச் சேர்ந்த அழுக்கின் கறுப்பைக் கருவியால் அளந்து, சொந்தக்காரர் எந்தச் செபத்தை அதிகம் படித்தார் என்று சொன்னார். 2010-இல் அது வெளிவந்தது.

எனக்கு அந்தக் கருவி வேண்டியதில்லை. என் அம்மாவின் செபப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. காகிதம்தான், சாதாரண அச்சு. மாதா பிரார்த்தனைப் பக்கத்தின் கீழ்மூலை எண்ணெய்ப் பிசுக்கில் பழுப்பாகி, ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகிவிட்டது. சமையல் பாதியில் வந்து திருப்பியிருப்பார்கள். மரித்தோருக்கான செபம் இருக்கிற பக்கம் எங்கள் தம்பி இறந்த வருஷத்திலிருந்து கறுக்க ஆரம்பித்தது. நடுவில் வைத்த அட்டைப் படத்தில் சகாய மாதாவின் கன்னம் தேய்ந்து வெள்ளையாக இருக்கிறது. கடைசி அட்டையின் உள்பக்கம் பென்சிலில் எங்கள் ஐந்து பேரின் பிறந்த நாள். அம்மாவுக்கு எழுத வராது; அப்பா எழுதியது.

நான் செய்த இரண்டாவது தோலில் நல்ல பாகத்தை வெட்டி, மாசிக்காய் மையில் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். முதல் எழுத்தை மட்டும் செந்தூரத்தால் போட்டேன். அது என்ன தோல் என்று கேட்டார்கள். நம்ம ஷாப்பு ஆட்டுத்தோல்தான் என்றேன். மோந்து பார்த்தார்கள். வாடை இல்லையே என்றார்கள். அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள். இப்போது "வாழ்க" என்ற எழுத்து பாதிதான் தெரிகிறது.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. திருத்தம் போடும் மூலையில் இரண்டு வரி போடுங்கள்: "பதனிட்ட கன்றுத்தோல்" என்பது தவறு, சுண்ணாம்பில் ஊறவைத்து, இழுத்துக் கட்டி, சீவி உலர்த்திய தோல் என்று. தமிழில் ஒரே சொல்லாக வேண்டுமென்றால் தோல்தாள் என்று எழுதலாம். புனித சின்னப்பர் (பவுல்) தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, வருகையில் தோற்சுருள்களை எடுத்துக்கொண்டு வா என்று கேட்கிறார் அல்லவா, அதுவும் இந்தத் தோல்தான். இணைப்பிதழில் மறுபடி இந்த விஷயம் வந்தால், ஓவியர், கோமகன், நூலகம் ஆகிய பெயர்களோடு தோல் உரித்தவரையும் சீவினவரையும் ஒரு பத்தியில் சேர்த்துவிடுங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உங்கள் பேப்பரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்த வேலை தெரிந்த குடும்பம். பாலாற்றுக்கு எங்கள் தொழில் என்ன செய்தது என்று எழுதுவீர்கள்; அதை எழுதத்தான் வேண்டும், நாங்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். இதையும் எழுதுங்கள்.

இந்தக் கவருக்குள் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கொடுத்தது போக அந்தத் தோலில் மிச்சம் இருந்தது. ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மயிர்க்கால் வரிசை வரிசையாகத் தெரியும். ஓரத்தில் இருக்கும் முட்டை வடிவ ஓட்டை என் கத்தி பட்ட இடம். திருப்பி அனுப்ப வேண்டாம், கட்டுரை எழுதியவரிடம் கொடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் சுருளும். கனமான அகராதி ஏதாவது ஒன்றுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோல் மேஸ்திரி,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்